அமெரிக்காவில் டிரேட்மார்க்: மாட்ரிட் வழியாகப் பதிவு செய்வதும் தக்கவைப்பதும்

பொடியும் ஊறுகாயும் ஏற்றுமதி செய்யும் எங்கள் குடும்ப நிறுவனத்துக்காக இந்த வேலையை ஆரம்பம் முதல் நான்தான் பார்த்தேன். தமிழில் இதைப் பற்றிக் கோவையாகப் படிக்க எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்தியாவில் டிஎம்-ஏ (டிரேட்மார்க் பதிவுக்கான படிவம்) விண்ணப்பம் போட்டு, எண் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: மாட்ரிட்டா, நேரடியா?

இந்தியா 2013 ஜூலையில் மாட்ரிட் புரோட்டோகாலில், அதாவது பல நாடுகளில் டிரேட்மார்க் பதிய வழிசெய்யும் சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். மலேசியா 2019-லும் அமீரகம் 2021-லும் வந்துவிட்டதால் நம் ஊர் ஏற்றுமதியாளர்களுக்கு இது நல்ல வசதி. ஆனால் முதல் 5 வருடம் எல்லாமே இந்தியப் பதிவைச் சார்ந்தே நிற்கும். அதற்குள் இந்திய விண்ணப்பம் விழுந்தால் மற்ற நாடுகளிலும் சேர்ந்து விழும். 3 மாதத்துக்குள் அந்தந்த நாட்டில் தனி விண்ணப்பமாக மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மறுபடியும் செலவு.

என் கருத்து: அமெரிக்கா மட்டும் போதும் என்றால் நேரடியாகவே போடுங்கள். இரண்டு மூன்று நாடு வேண்டும், இந்தியாவில் பெயருக்கு எதிர்ப்பு வர வாய்ப்பில்லை என்றால் மாட்ரிட்.

படி 2: தேடல்

அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகத்தின் தேடல் பக்கமும், வைப்போவின் (மாட்ரிட் பதிவுகளை நடத்தும், ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு) குளோபல் பிராண்ட் டேட்டாபேஸும் இலவசம். ஒரே எழுத்தில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது, ஒரே மாதிரி ஒலிப்பதையும் தேடுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் இல்லையா, அத்தனையையும் போட்டுப் பாருங்கள்.

படி 3: பொருள் பட்டியல்

இங்கேதான் எங்கள் விண்ணப்பம் மாதக்கணக்கில் நின்றது. வேறு எதைவிடவும் இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

இந்தியாவில் பலர் பொருட்களை மொத்தமாக, பொத்தாம்பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கப் பரிசோதகர் அதை ஏற்கமாட்டார். ஒவ்வொரு பொருளையும் தெளிவாகச் சொல்லச் சொல்லி தற்காலிக மறுப்பு அனுப்புவார். விவரத்தைச் சுருக்கலாம், தெளிவாக்கலாம், கூட்ட முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் வகுப்பு, அதாவது டிரேட்மார்க் பதிவுக்காகப் பொருட்களை எண் போட்டுப் பிரித்திருக்கும் முறை. ஊறுகாய் 29-ஆம் வகுப்பு. சட்னி 30. நல்லெண்ணெயும் நெய்யும் 29, மசாலாத் தூள் 30. ஒரே அலமாரியில் இருக்கும் சரக்கு இரண்டு வகுப்பாகப் பிரிகிறது. மாட்ரிட் வழியாகப் போனால் வைப்போ எந்த வகுப்பில் வைத்ததோ அதுதான், அமெரிக்காவில் அதை மாற்ற வழியே இல்லை. லோகோவையும் திருத்த முடியாது.

அதனால் வைப்போவின் மாட்ரிட் பொருள்-சேவை மேலாளர் என்ற கருவியைத் திறந்து, ஒவ்வொரு பொருளையும் அதில் தட்டி, அமெரிக்கா அந்தச் சொல்லை ஏற்கிறதா என்று பாருங்கள். காசு வாங்கும் மென்பொருள் எதுவும் தேவையில்லை, இது ஒன்றே போதும். இன்னொன்று: இந்திய விண்ணப்பத்தின் பட்டியலுக்குள் அடங்காத பொருளை இங்கே சேர்க்க முடியாது. ஆகவே இந்தக் கருவியை இந்திய விண்ணப்பம் போடும் முன்பே திறப்பதுதான் சரி.

படி 4: விண்ணப்பம்

எம்எம்2 படிவம், இந்தியப் பதிவகத்தின் இணையதளம் வழியாக. பதிவகத்துக்கு 5,000 ரூபாய் கையாளும் கட்டணம். வைப்போவுக்கு அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளை என்றால் 653 சுவிஸ் பிராங்க், வண்ணம் என்றால் 903. நாட்டுக் கட்டணம் தனி. வைப்போவின் கட்டணக் கணிப்பான் மொத்தத்தையும் சொல்லிவிடும். அமெரிக்காவைச் சேர்த்தால் எம்எம்18 என்ற உறுதிமொழியும் கட்டாயம். இந்தக் குறியை அங்கே வணிகத்தில் பயன்படுத்தும் எண்ணம் உண்மையாகவே இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறீர்கள்.

மறுப்பு வந்தால் பதில் சொல்ல 6 மாதம். 2019 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அமெரிக்க வழக்கறிஞர் வேண்டும், நாமே பதில் அனுப்ப முடியாது. அந்தச் செலவை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

படி 5: தக்கவைத்தல்

சான்றிதழ் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று கோப்பைக் கட்டி வைத்துவிடாதீர்கள். இரண்டு கெடுக்கள் தனித்தனியாக ஓடுகின்றன.

ஒன்று வைப்போவினுடையது. சர்வதேசப் பதிவு தேதியிலிருந்து 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மற்றது அமெரிக்காவினுடையது. குறியை அங்கே பயன்படுத்துகிறோம் என்று சொல்லும் பிரிவு 71 உறுதிமொழியை அமெரிக்கப் பதிவு தேதியிலிருந்து 5-க்கும் 6-க்கும் இடைப்பட்ட வருடத்தில் நேராக அங்கேயே தாக்கல் செய்ய வேண்டும். அப்புறம் 9-க்கும் 10-க்கும் இடையில், அதன்பின் ஒவ்வொரு 10 வருடமும். சர்வதேசப் பதிவு 2020 மார்ச், அமெரிக்கப் பதிவு 2021 அக்டோபர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிரிவு 71-ன் காலம் 2026 அக்டோபரிலிருந்து 2027 அக்டோபர் வரை. வைப்போ புதுப்பிப்பு 2030 மார்ச். ஜெனீவாவில் பணம் கட்டினால் அமெரிக்காவில் பதிவு நிலைக்கும் என்று நம்பினால் பதிவு போய்விடும். இரண்டுக்கும் 6 மாதச் சலுகைக் காலம் உண்டு, கூடுதல் கட்டணத்தோடு.

பிரிவு 71-க்கு விற்பனை ஆதாரம் வேண்டும்: லேபிள் ஒட்டிய பாட்டிலின் படம், அல்லது வாங்கும் வசதியோடு கூடிய இணையப் பக்கம், முகவரியும் தேதியும் தெரிய. கணினியில் செய்த மாதிரிப் படம் செல்லாது. அங்கே விற்காத பொருளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அலுவலகம் சில பதிவுகளைத் தணிக்கைக்கு எடுத்து, பட்டியலில் உள்ள மற்ற பொருட்களுக்கும் ஆதாரம் கேட்கிறது. நான் ஒவ்வொரு கன்டெய்னர் போகும்போதும் லேபிளைப் படம் எடுத்து, இன்வாய்ஸோடு சேர்த்து வைக்கிறேன்.

பின்சேர்க்கை 1: "பதிவுக் கட்டணம் உடனே செலுத்தவும்" என்று அரசு முத்திரை மாதிரி போட்ட கடிதம் வந்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். நம் முகவரி பொதுப் பதிவேட்டில் இருப்பதால் வருவது. கட்டாதீர்கள். வைப்போவின் மாட்ரிட் மானிட்டர் என்ற தேடல் பக்கத்தில் பதிவு எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள், வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: லோகோவில் தமிழ் எழுத்து இருந்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டார். எம்எம்2-விலேயே அதன் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தர வேண்டும். அமெரிக்கா அந்தச் சொல்லின் அர்த்தத்தையும் கேட்கும், அந்த ஆங்கில அர்த்தத்தை வைத்தும் சோதிக்கும். "காரம்" என்று மசாலாவுக்குப் பெயர் வைத்தால், பொருளின் குணத்தைத்தானே சொல்கிறது என்று மறுக்க இடமுண்டு. மாட்ரிட் வழியில் வந்தவர்களுக்குத் துணைப் பதிவேடும் (குணத்தைச் சொல்லும் பெயர்களையும் ஏற்கும் அமெரிக்காவின் இரண்டாவது பதிவேடு) கிடையாது, ஆகவே பெயரை முடிவு செய்யும்போதே இதை யோசித்துவிடுங்கள்.