ஐரோப்பிய வழக்குக் கட்டுரைக்குச் சுருக்கப் பெட்டி போடும்போது

சுருக்கப் பெட்டி என்பது வழக்கின் முக்கிய விவரங்களை வரி வரியாகத் தரும் கட்டம். அதன் முதல் வரியிலேயே எந்த நீதிமன்றம் என்று சொல்லிவிடுங்கள். 'ஐரோப்பிய நீதிமன்றம்' என்று மொட்டையாகப் போட்டால் லக்சம்பர்க்கா, ஸ்ட்ராஸ்பூர்க்கா என்று வாசகர் குழம்புவார். முன்னது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம். பின்னது மனித உரிமை நீதிமன்றம், ஒன்றியத்தைச் சேர்ந்ததே அல்ல. அதனால் இரண்டுக்கும் ஒரே பெட்டி சரிப்படாது.

பலரும் சறுக்குவது வழக்கு எண்ணில்தான். 'மறக்கப்படும் உரிமை', அதாவது தன்னைப் பற்றிய பழைய தகவல்களைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கேட்கும் உரிமை, பற்றிய கூகுள் ஸ்பெயின் வழக்கின் எண் சி-131/12. அந்த 12, வழக்கு பதிவான 2012-ஐக் குறிக்கிறது. தீர்ப்பு வந்ததோ 2014 மே 13-இல். ஆகவே எண்ணுக்கு ஒரு வரி, தீர்ப்புத் தேதிக்குத் தனி வரி. 'சி' என்றால் உச்சியில் உள்ள நீதிமன்றம், 'டி' என்றால் அதற்குக் கீழுள்ள பொது நீதிமன்றம். பழைய வழக்குகளில் எழுத்தே இருக்காது. 1963-இல் தீர்ப்பான வான் கெண்ட் என் லோஸ் வெறும் 26/62 தான். அழகுக்காக நாமே ஒரு 'சி' ஒட்டிவிடக் கூடாது!

லக்சம்பர்க் பெட்டியில் அட்வகேட் ஜெனரலின் கருத்துக்கு இடம் விடுங்கள். இவர் நம்மூர் அரசு வழக்கறிஞர் போன்றவர் அல்ல, தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்துக்குச் சுதந்திரமாகக் கருத்துச் சொல்பவர். பக்கத்திலேயே 'நீதிமன்றம் ஏற்றதா?' என்றும் கேளுங்கள். கூகுள் ஸ்பெயினில் முக்கியமான விஷயத்தில் ஏற்கவில்லை. மாறுபட்ட தீர்ப்புக்கு அங்கே வரி தேவையில்லை, நீதிபதிகள் தனிக்கருத்து வெளியிடுவதில்லை. ஸ்ட்ராஸ்பூர்க் பெட்டிக்கு அது வேண்டும். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்ற வரியும் வேண்டும்.