பல்பு எரிந்தால் மட்டும் போதாது: மின்சாரம், ஒலிச் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரப் பாடத்தின் முதல் நாளே பல்பை ஹோல்டரில் மாட்டிப் பிள்ளைகளிடம் கொடுப்பதுதான் பெரிய தவறு என்பேன். ஸ்விட்சைப் போட்டால் எரியும், கைதட்டுவார்கள், ஒன்றும் புரிந்திருக்காது. ஒரு 1.5 வோல்ட் சாதாரண செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு ஒயர் கொடுத்து, எரிய வைக்கச் சொல்லுங்கள். பலர் பல்பின் அடிமுனையை மட்டும் தொட்டுப் பார்ப்பார்கள். எரியாது. பக்கவாட்டு உலோகமும் ஒரு முனைதான் என்று அவர்களே கண்டுபிடிக்கும்போது 'மின்சுற்று' என்ற சொல்லுக்கு உயிர் வந்துவிடும். தடவிப் பார்க்கையில் ஒயர் தவறுதலாகச் செல்லின் இரு முனைகளையும் நேராக இணைத்துவிடக்கூடும்; அப்போது சூடாகும். "சுட்டால் உடனே விட்டுவிடு" என்று முன்பே சொல்லிவிடுங்கள். லித்தியம் பேட்டரி வேண்டவே வேண்டாம். வீட்டு 230 வோல்ட் பக்கம் போகவே கூடாது.

அப்புறம், இரண்டு பல்புகளைத் தொடராக, அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, இணைக்கும் சோதனை. இணைக்கும் முன் "எது பிரகாசமாக எரியும்?" என்று கேளுங்கள். "முதல் பல்புதான், அது கரண்டைத் தின்றுவிடும்" என்பார்கள். ஒரே மாதிரிப் பல்புகள் என்றால் இரண்டும் ஒன்றுபோல எரிய வேண்டும். ஆனால் கடையில் வாங்கும் பல்புகளில் சிறு வேறுபாடு இருக்கும். ஒன்று மங்கலாகத் தெரியும். அதை மூடிமறைத்து "சமம் என்று எழுதிக்கொள்" என்று சொல்லிவிடாதீர்கள். பல்புகளை இடம் மாற்றிப் போடுங்கள். மங்கலும் பல்போடு சேர்ந்தே நகர்ந்தால், காரணம் பல்புதான், இடம் இல்லை.

எலுமிச்சம்பழத்தில் டார்ச் பல்பை எரிய வைக்க முயல்வதும் வீண். செம்பும் துத்தநாகமும் குத்தினால் ஏறத்தாழ 0.9 வோல்ட் வரும், ஆனால் கரண்ட் மிகமிகக் குறைவு. மூன்று நான்கு பழங்களைத் தொடராக இணைத்து, சிவப்பு எல்.ஈ.டி.யைச் சரியான திசையில் மாட்டினால் மங்கலாகவாவது எரியும்.

ஒலிப் பாடத்தில் இசைக்கவையை (தட்டினால் ஒலிக்கும் இரண்டு கிளை உலோகக் கருவி) மேசை விளிம்பில் அடிக்காதீர்கள். ரப்பர் கட்டையில் தட்டுங்கள். தீப்பெட்டி டெலிபோனில் நூல் தொய்ந்தாலும், நடுவில் யார் விரலாவது பட்டாலும் பேச்சு கேட்காது.

தண்ணீர் பாட்டிலில்தான் ஆசிரியர்களே தடுமாறுகிறோம். "தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கரண்டியால் தட்டினால் அது சரி: கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து அதிர்கின்றன, எடை கூடக்கூட அதிர்வு மெதுவாகிறது. பாட்டிலின் வாய்க்கு மேலாக ஊதினால் தலைகீழ்: அதிர்வது மேலே உள்ள காற்று, அது குறையக் குறையச் சுருதி ஏறும். இரண்டையும் ஒரே பாட்டிலில், ஒரே பீரியடில், அடுத்தடுத்துச் செய்து காட்டுங்கள்.