புதுத் தாச்சியில் பதநீர் காய்ச்சுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயல்குடிப் பக்கம் எங்கள் விடிலியில், அதாவது பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சும் குடிசையில், பழைய தாச்சியை (காய்ச்சும் பாத்திரம்) மாற்றி, அகலமான எவர்சில்வர் தாச்சி வாங்கினோம். பழையதற்கு அத்தையிடம் கைக்கணக்கு இருந்தது. இத்தனை கலயம் ஊற்றினால் இத்தனை சிரட்டை (பாகு வார்க்கும் தேங்காய் ஓடு) கருப்பட்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். புதியதற்கு நானே கணக்குப் போட்டேன். இரண்டாம் நாளே பாகு கருகிப்போனது. ஒருவர் விடிகாலையில் மரம் மரமாக ஏறி இறக்கிய பதநீர் அது. இன்னும் மனசு ஆறவில்லை.

கடைக்காரர் சொல்லும் கொள்ளளவை நம்பாதீர்கள். 5 கிலோ தண்ணீரைத் தராசில் நிறுத்து ஊற்றினால் அது 5 லிட்டர். ஒவ்வொரு முறை ஊற்றிய பிறகும் ஒரு மட்டைக் குச்சியைத் தாச்சியின் நடுவில் நேராக நிறுத்தி, நீர் நிற்கும் இடத்தில் கத்தியால் கீறுங்கள். அடி குழிவாக இருப்பதால் முதல் கீறல் உயரமாக விழும். போகப் போகக் கீறல்கள் நெருங்கும். அதனால் ஸ்கேல் வைத்துச் சமமாகப் பிரித்தால் தப்பாகிவிடும். கடலோரக் கிணற்று உப்புத் தண்ணீரும் இதற்கு வேண்டாம், அதன் எடை கூடுதல். இன்னொன்று, கொதிக்கும் நீர் சுமார் 4 சதவீதம் விரிந்திருக்கும். பச்சைத் தண்ணீரில் 50 லிட்டர் காட்டிய தாச்சி கொதியில் 52 காட்டும்.

இனி, என் பதநீரைக் கருக்கிய தவறு. முதல் நாள் 40 லிட்டர் தண்ணீர் கொதிக்கவைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் 10 லிட்டர் வற்றியது. 'மணிக்குக் கால்வாசி' என்று எழுதிவைத்தேன். மறுநாள் வந்தது 20 லிட்டர் பதநீர்தான். கால்வாசி என்றால் 5 லிட்டர்தானே வற்றும் என்று அடுப்பை விட்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் ஆவி போவது தாச்சியின் வாய் அகலத்தையும் தீயையும் பொறுத்தது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குப் பெரிய கணக்கில்லை. பாதிதான் இருந்தாலும் மணிக்குக் கிட்டத்தட்ட அதே 10 லிட்டர் போகும். ஆகவே சதவீதமாக எழுதாதீர்கள், லிட்டராக எழுதுங்கள். பாகு தடிக்கத் தொடங்கியதும் வற்றும் வேகம் குறையும். அந்தக் கட்டத்தில் மணிக்கணக்கு உதவாது. தீயைத் தணித்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் பதம்தான் சரி.

தண்ணீர் சோதனையைக் கேஸ் அடுப்பில் செய்துவிட்டு உடைமுள் விறகு அடுப்பில் பதநீர் காய்ச்சினாலும் கணக்கு நிற்காது. கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் நாளில் தீ ஒருபக்கமாகச் சாயும். ஓலைத் தட்டி வைத்து மறைத்த பிறகு அளந்து பாருங்கள், வேறு எண் வரும்.

கரைந்திருக்கும் சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ் மீட்டர் வைத்திருந்தால் முதலில் காய்ச்சி வடித்த நீரில் சுழியைச் சரிபாருங்கள். அடியில் சுண்ணாம்பு தெளிந்த, ஆறிய பதநீரைத்தான் கண்ணாடியில் விட வேண்டும். கலங்கலாக இருந்தால் கோடு மங்கும். அது காட்டும் 12 என்பது 100 கிலோவுக்கு 12 கிலோ என்ற கணக்கு, 100 லிட்டருக்கு அல்ல. 40 லிட்டர் பதநீர் ஏறக்குறைய 42 கிலோ இருக்கும். அதில் கரைந்திருப்பது 5 கிலோ. கருப்பட்டியில் கொஞ்சம் ஈரம் தங்குவதால் எடை சற்றுக் கூடும், தாச்சியில் ஒட்டுவதால் குறையும். எவ்வளவு ஒட்டுகிறது என்பதை வெறும் தாச்சியையும் வழித்தெடுத்த தாச்சியையும் நிறுத்துக் கண்டுபிடியுங்கள்.

ஒரே காய்ச்சில் எண் தப்பினால் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். நாங்கள் நான்கு காய்ச்சு வரை நோட்டில் எழுதினோம். ஐந்தாவதற்கு எத்தனை சிரட்டை கழுவி வைக்கலாம் என்று அத்தை கேட்டபோது நோட்டைப் பார்த்துச் சொன்னேன். ஒரு சிரட்டைதான் மிஞ்சியது.