பெரிய ஃப்ளையை வீச நான் செய்த மாற்றங்கள்

ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் முடி, இறகு கட்டிச் செய்யும் போலி இரைதான் ஃப்ளை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனுக்கு வீசும் ஃப்ளை 10 அங்குலத்தைத் தாண்டும். ட்ரவுட் மீனுக்குச் சின்ன ஃப்ளை வீசுகிற மாதிரி தலைக்கு மேலே முன்னும் பின்னும் ஆட்டினால், பின்வீச்சின் முடிவில் லைன் (தூண்டில் கயிறு) தளர்ந்து ஃப்ளை தொப்பென்று விழும். முன்னால் வரும்போது ராட் (தூண்டில் கோல்) நுனியையோ என் தோளையோ தட்டும்.

முதலில் லைனை மாற்றினேன். ஃப்ளையைச் சுமந்து போவது லைனின் எடைதான். 8-ஆம் எண் ராடை ஒதுக்கிவிட்டு, அதைவிடக் கனமான லைனை வீசும் 10-ஆம் எண்ணில் 9 அடி ராட். எடை முழுக்க முன்பக்கம் குவிந்த குட்டைத் தலை லைன். லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் லீடர் இழை 4 அடி போதும், மஸ்கியின் பல்லுக்காக நுனியில் கம்பி. நீண்டு மெலிந்த லீடர் இவ்வளவு பெரிய ஃப்ளையை முன்னால் நீட்டிப் போடாது.

பெரிய வித்தியாசம் பெல்ஜியன் காஸ்ட் என்ற வீச்சுமுறையில் தெரிந்தது. பின்வீச்சைப் பக்கவாட்டில் தாழ்வாக எடுத்து, நிறுத்தாமல் வளைத்து, தலைக்கு மேலாக முன்னே விட வேண்டும். லைன் எப்போதும் விறைப்பாக இருக்கும். போகிற பாதை வேறு, வருகிற பாதை வேறு என்பதால் ஃப்ளை ராடில் மோதாது. கூடவே வாட்டர் ஹால்: ஃப்ளையைத் தண்ணீரில் விழவிட்டு, அந்த இழுவையிலேயே ராடை வளைத்து, ஒரே வீச்சில் விட்டுவிடுவேன். தோள்வலி அதிலேயே நன்றாகக் குறைந்தது.

அப்புறம் ஃப்ளை. நியூ ஜெர்சியின் ஃப்ளை கட்டும் கலைஞர் பாப் பாப்போவிக்ஸ் பிரபலமாக்கிய முறையில், மான்வால் முடியைத் தலைகீழாகக் கட்டிப் பின்னால் மடக்கினால் உள்ளே வெற்றிடம் கிடைக்கும். பருமனாகத் தெரியும், ஆனால் தண்ணீரைத் தேக்காது. 40 அடி வீசினால் போதும். மஸ்கி பல நேரம் படகோரம் வரை பின்தொடரும், அங்கே ராட் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, ஃப்ளையை எட்டு வடிவில் சுற்றிக் காட்டக் கையில் தெம்பு வேண்டும்.