உருகும் மணிகளில் முதல் உருவம்

நடுவில் துளையுள்ள சிறு பிளாஸ்டிக் மணிகளை அடுக்கி, சூட்டில் உருக்கி ஒட்டவைத்து உருவங்கள் செய்யும் உருகும் மணிக் கைவினையைத் தொடங்குபவர்கள் 5 மில்லிமீட்டர் மணிகளையே வாங்குவது நல்லது, 2.5 மில்லிமீட்டர் அளவிலான சிறு மணிகள் அழகானவை என்றாலும், பழகாத விரல்களுக்கு அவை அடங்குவதில்லை. மணிகளைச் செருகுவதற்கான சிறு முளைகள் கொண்ட முளைப்பலகையில் அவற்றை அடுக்கும்போது, ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியைத் தொட்டுக்கொண்டிருக்குமாறு, பத்துப் பதினைந்து மணிகள் அகலமுள்ள இதயம் போன்ற எளிய உருவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

உருக்குவதில்தான் பொறுமை வேண்டும். அடுக்கிய மணிகளின் மேல் பட்டர் பேப்பரை விரித்து, நீராவி இல்லாமல் நடுத்தரச் சூட்டில் வைத்த இஸ்திரிப்பெட்டியை, அழுத்தாமல், சிறு வட்டங்களாக மெல்ல நகர்த்துங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மணிகள் உருகும் வேகம் மாறுபடுவதால், கடிகாரத்தை நம்புவதைவிட, காகிதத்தின் வழியே மணிகளின் விளிம்புகள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து நிறுத்துவதே சரியானது. துளைகள் முழுவதும் மூடும்வரை தேய்த்தால் உருவத்தின் கூர்மை போய்விடும் என்பது என் கருத்து. பலகையும் சூட்டில் வளையக்கூடும்.

சூடு தணியும்வரை கனமான புத்தகத்தை மேலே வைத்தால் உருவம் சுருளாது. பிறகு காகிதத்தை உரித்து, உருவத்தைப் பலகையிலிருந்து எடுத்துத் திருப்பி, மறுபக்கத்தையும் அவ்வாறே உருக்குங்கள். பலகையை ஒட்டியிருந்த பக்கத்தை முகப்பாக வைக்க விரும்பினால், எழுத்துகளை இடவலம் மாற்றி அடுக்கியிருக்க வேண்டும்.

இஸ்திரிப்பெட்டியைப் பெரியவர்களே கையாள வேண்டும். மணிகள் தொண்டையில் சிக்கக்கூடியவை ஆதலால், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.