ஒரே ‘சார்ஜ்’, பல பொருள்: எந்த இடத்தில் எதை எடுப்பது?

போனில் சார்ஜ் இல்லை. டெலிவரி சார்ஜ் அதிகம். இந்தப் பிரிவுக்கு அவர்தான் இன்சார்ஜ். போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டாயிற்று. தமிழில் பேசும்போது இந்த நான்கில் எதிலும் நாம் தடுமாறுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதவோ, ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கவோ உட்கார்ந்தால்தான் கை நிற்கிறது. அகராதியைத் திறந்தால் ஒரு பக்கம் முழுக்கப் பொருள்கள். ஒத்தசொல் அகராதியோ கட்டணம், கட்டளை, தாக்குதல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறது.

மனப்பாடம் செய்ய வேண்டாம். வேரைப் பிடியுங்கள். லத்தீனில் ‘காருஸ்’ என்றால் வண்டி. அதிலிருந்து பிறந்த ‘காரிகாரே’ வண்டியில் பாரம் ஏற்றுவது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆனது. ‘கார்’, ‘கார்கோ’ இரண்டும் இதே வண்டியின் சொந்தக்காரர்கள். ஆக, அடிப்பொருள் பாரம் ஏற்றுதல். பணத்தை ஒருவர் தலையில் ஏற்றினால் கட்டணம். வேலையை ஏற்றினால் பொறுப்பு. குற்றத்தை ஏற்றினால் குற்றச்சாட்டு. பேட்டரியில் மின்சக்தியை ஏற்றினால் போன் சார்ஜ். துப்பாக்கியில் மருந்து கெட்டித்தால் அந்த மருந்தின் அளவும் சார்ஜ்தான். தமிழும் இதே தடத்தில் நடந்திருக்கிறது: குற்றம் ‘சுமத்துகிறோம்’, பொறுப்பு என்ற சொல்லே ‘பொறு’, அதாவது தாங்கு என்பதிலிருந்து வந்தது. பாய்ந்து தாக்குதல் என்ற பொருள் மட்டும் கொஞ்சம் விலகி நிற்கும். உடம்பின் கனம் முழுவதையும் எதிராளி மேல் இறக்குவதாக நினைத்துக்கொண்டால் அதுவும் மனதில் நிற்கும்.

வினை, இனம், சார்பு

பல பொருள் தரும் ஒரு சொல்லை எப்படிப் பிரித்தறிவது என்பதற்குத் தொல்காப்பியமே வழி சொல்கிறது: ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும்’. ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. வினை மாறியதும் பொருள் தெளிந்துவிடுகிறது. இந்த மூன்று சோதனையும் ஆங்கிலச் சொல்லுக்கும் அப்படியே பொருந்துகிறது. இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில் வினை. ‘சார்ஜ்’ பெயர்ச்சொல்லாக வந்தால் அதைத் தாங்கும் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘பே’ வந்தால் கட்டணம். ‘டினை’, ‘ஃபேஸ்’, ‘டிராப்’ வந்தால் குற்றச்சாட்டு. ‘டேக்’ வந்தால் பொறுப்பு. ‘ஹோல்டு’ வந்தால் பெரும்பாலும் பேட்டரி. ‘லீட்’ வந்தால் பாய்ச்சல். பாதிக்கு மேற்பட்ட வாக்கியங்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து இனம், அதாவது கூட வரும் சொல். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ‘சார்ஜ்ட் வித்’ என்று கண்டதும் ‘குற்றம் சாட்டப்பட்டார்’ என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. ‘வித்’ மட்டும் போதாது. அதற்கும் அடுத்த சொல்லைப் பார்க்க வேண்டும். ‘சார்ஜ்ட் வித் தெஃப்ட்’ என்றால் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர். ‘சார்ஜ்ட் வித் புரொடெக்டிங் தி ஃபாரஸ்ட்’ என்றால் காட்டைக் காக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். இவரைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஆக்கிவிட்டால் வாக்கியமே தலைகீழ். ‘சார்ஜ்ட் வித் எமோஷன்’ என்றால் உணர்ச்சி ததும்பும் பேச்சோ சூழலோ. அடுத்து வருவது குற்றத்தின் பெயரா, செய்ய வேண்டிய வேலையா, நிரம்பியிருக்கும் ஒன்றா என்று கேட்டால் விடை வந்துவிடும்.

‘தி’ என்ற ஒரு குட்டிச் சொல் செய்யும் வேலையையும் பாருங்கள். ‘ஷீ இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சைல்டு’: குழந்தை அவள் பொறுப்பில் இருக்கிறது. ‘ஷீ இஸ் இன் தி சார்ஜ் ஆஃப் ஹர் ஆன்ட்’: அவள்தான் அத்தையின் பொறுப்பில் இருக்கிறாள். ‘தி’ நுழைந்ததும் காப்பவர் காக்கப்படுபவர் ஆகிவிடுகிறார். பிழை திருத்தும்போது இந்த இடத்தில் ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது.

வினையும் இனமும் கைவிட்டால் சார்பு, அதாவது பேச்சு நடக்கும் சூழல். அது எப்போது தேவைப்படும் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

பணம்: ஆறு சொல், ஆறு இடம்

ஒத்தசொல் அகராதி ‘பிரைஸ், காஸ்ட், ஃபீ, ஃபேர், டோல்’ என்று வரிசை கட்டும். ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. பொருளுக்கு ‘பிரைஸ்’, தமிழில் விலை. சேவைக்கு ‘சார்ஜ்’, கட்டணம். மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் வாங்குவதும், சேர்க்கைக்கோ தேர்வுக்கோ கட்டுவதும் ‘ஃபீ’. பயணி கொடுப்பது ‘ஃபேர்’. சாலை, பாலம் கடக்கக் கொடுப்பது ‘டோல்’, சுங்கம். ‘காஸ்ட்’ செலவழிப்பவர் பக்கத்துச் சொல்: விற்பவர் ‘சார்ஜ்’ செய்வார், பொருள் ‘காஸ்ட்’ ஆகும். ‘இந்தப் புத்தகம் எனக்கு 300 ஆனது’ என்பதற்கு ‘தி புக் சார்ஜ்ட் மீ’ என்று எழுதினால் புத்தகமே கல்லாவில் உட்கார்ந்து பணம் கேட்டதாகிவிடும்.

இன்னொரு பிழை நம் வேற்றுமை உருபிலிருந்து வருகிறது. ‘என்னிடம் 300 வாங்கினார்’ என்று யோசிப்பதால் கை தானாக ‘சார்ஜ்ட் ஃபிரம் மீ’ என்று எழுதுகிறது. ‘ஃபிரம்’ வேண்டாம், ‘ஹி சார்ஜ்ட் மீ 300 ஃபார் தி ரிப்பேர்’ என்பதே சரி. ஆள் முதலில், தொகை அடுத்து, எதற்கு என்பது ‘ஃபார்’ போட்டுக் கடைசியில். ‘சார்ஜ் இட் டு மை அக்கவுன்ட்’ என்றால் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்று பொருள்; அந்த நிமிடம் பணம் கைமாறவில்லை.

குற்றம்: செய்தி எழுதுவோர் கவனிக்க

‘அலிகேஷன்’, ‘அக்யூசேஷன்’, ‘சார்ஜ்’ மூன்றையும் தமிழில் குற்றச்சாட்டு என்றே எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் படிநிலை உண்டு. ‘அலிகேஷன்’ யாரும் சொல்லலாம், ஆதாரம் இன்னும் வரவில்லை. ‘அக்யூசேஷன்’ ஒருவரை நேராகச் சுட்டிச் சொல்வது. வழக்குச் செய்தியில் ‘சார்ஜ்’ என்றால் சட்டப்படி முறையாகச் சுமத்தப்பட்டது. மூன்றும் ஒரே செய்தியில் வந்தால் முதலாவதைப் ‘புகார்’ என்றும், இரண்டாவதைக் ‘குற்றச்சாட்டு’ என்றும், மூன்றாவதை ‘முறைப்படி குற்றம் சாட்டப்பட்டது’ என்றும் பிரித்து எழுதினால் குழப்பம் வராது. எந்தப் படியிலும் ‘குற்றவாளி’ வரக்கூடாது. அது நீதிமன்றம் குற்றம் உறுதியானது என்று சொன்ன பிறகு வர வேண்டிய சொல். இதை விட்டுவிடுவது மொழிப் பிழையோடு நிற்பதில்லை, ஆளின் பெயரையே கெடுக்கும்.

இடைச்சொல்லும் மாறும்: ‘அக்யூஸ்ட் ஆஃப் தெஃப்ட்’, ஆனால் ‘சார்ஜ்ட் வித் தெஃப்ட்’. ‘சார்ஜ்ட் ஃபார்’ என்று போட்டால் திருட்டுக்குக் கட்டணம் வாங்கியது போல ஒலிக்கும்.

மின்சாரம்

பேச்சுத் தமிழ் இதில் வெகு சுத்தம்: சார்ஜ் போடுகிறோம், ஏறுகிறது, இறங்குகிறது, சில பேட்டரியில் நிற்பதே இல்லை. பாடநூலில் மின்னூட்டம், மின்சுமை, இலங்கைத் தமிழில் ஏற்றம் என்று காணலாம். ஒரே கட்டுரையில் ஒன்றையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தோடு மட்டும் கலக்காதீர்கள். மின்னூட்டத்தின் அலகு கூலூம். அது நொடிக்கு எவ்வளவு பாய்கிறது என்பதே மின்னோட்டம், அலகு ஆம்பியர். போன் பேட்டரியில் 5,000 மில்லி ஆம்பியர் மணி என்று இருந்தால் அது 5 ஆம்பியர், 3,600 நொடி, ஆக 18,000 கூலூம் மின்னூட்டம்.

மற்றவை

‘தி புல் சார்ஜ்ட்’ என்றால் காளை பாய்ந்து வந்தது. ‘அட்டாக்’ தொலைவிலிருந்தும் செய்யலாம், ‘சார்ஜ்’ செய்ய நேரே ஓடி வர வேண்டும். கூடைப்பந்தில் பந்து வைத்திருப்பவர், இடம் பிடித்து நிற்கும் தடுப்பாட்டக்காரர் மேல் மோதினால் அதுவும் ‘சார்ஜிங்’. தூதரகச் செய்தியில் வரும் ‘ஷார்ஷே தஃபேர்’ பிரெஞ்சுக்காரர்களின் சொல். தூதர் இல்லாதபோது அலுவல்கள் ஒப்படைக்கப்பட்டவர், பொறுப்புத் தூதர். தமிழில் பதவிப் பெயருக்குப் பக்கத்தில் ‘பொறுப்பு’ என்று போடுகிறோமே, அதே கணக்கு.

அகராதி பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம். மெரியம்-வெப்ஸ்டர் பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்கும். முதலில் இருப்பது வழக்கொழிந்த பொருளாகவும் இருக்கலாம். மொழி கற்பவர்களுக்கான அகராதிகள் பொதுவாக அதிகம் புழங்கும் பொருளை முன்னே வைக்கும். முதல் பொருளை மட்டும் பார்த்து மூடிவிடுபவர் எந்த அகராதியைத் திறந்தார் என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

இனி சார்பு. ‘ஹி வாஸ் ரிலீஸ்ட் வித்அவுட் சார்ஜ்.’ வினை ஒன்றுதான், கூட வரும் சொல்லும் உதவவில்லை. காவல் நிலையச் செய்தி என்றால் ‘வழக்குப் பதியாமல் விட்டுவிட்டார்கள்’ என்று எழுதத் தோன்றும், அதுவும் சரியில்லை. வழக்குப் பதிவாகியிருக்கலாம், அவர் மீது முறைப்படி குற்றம் சாட்டவில்லை என்பதே பொருள்: ‘குற்றம் எதுவும் சாட்டப்படாமல் விடுவிக்கப்பட்டார்’. அதே ‘வித்அவுட் சார்ஜ்’ ஒரு மென்பொருள் பற்றிய வரியில் ‘ரிலீஸ்ட்’ என்பதோடு வந்தால் ‘இலவசமாக வெளியிடப்பட்டது’. முந்தைய வரியையும் பிந்தைய வரியையும் படிக்காமல் இந்த ஒன்றைத் தீர்க்க முடியாது.