மைலேஜ் வரவில்லை என்றால் முதலில் பிரேக்கைப் பாருங்கள்

"வாங்கும்போது சொன்ன மைலேஜில் முக்கால்வாசிகூட வரவில்லை" என்று புலம்பாத சின்ன கார்க்காரரைப் பார்ப்பது கஷ்டம். சொன்ன மைலேஜ் என்பது பரிசோதனைக் கூடத்தில் உருளைகள்மேல் வண்டியை ஏற்றி, இத்தனை விநாடி இந்த வேகம் என்று கணக்குப்போட்டு ஓட்டி எடுத்த எண். அதில் குண்டும் குழியும் கிடையாது, பின்னால் ஹாரன் அடிப்பவர் கிடையாது. அதனால் அந்த எண் அப்படியே வராது, அது போகட்டும். ஆனால் நமக்கும் அதற்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் நல்ல பங்கு நம் காலில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு பெட்ரோலில் கலக்கும் மருந்து, குழாயில் மாட்டும் காந்தம் என்று தேடிக்கொண்டிருப்போம்.

முதல் தவறு, அளக்காமலே புலம்புவது. டாஷ்போர்டில் காட்டும் சராசரியை நம்பிப் பேசுகிறவர்கள்தான் அதிகம், அது பல வண்டிகளில் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். டேங்கை ஃபுல் பண்ணுங்கள், பங்க் குழாய் தானாக முதல் தடவை கட் ஆனதும் போதும் என்று நிறுத்திவிடுங்கள், ட்ரிப் மீட்டரைச் சைபர் ஆக்குங்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியபிறகு மறுபடி அதே மாதிரி ஃபுல். 464 கிலோமீட்டர் ஓடி 29 லிட்டர் பிடித்தால் 16. ஒரு தடவை போட்ட கணக்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள், மூன்று டேங்காவது பாருங்கள்.

இன்னொரு கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் சறுக்குகிற இடம் அது. நகருக்குள் 100 கிலோமீட்டர் 12 மைலேஜில், நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் 20 மைலேஜில் ஓட்டினால் சராசரி 16 என்றுதான் தோன்றும். கிடையாது, 15தான். நகருக்குள் 8.3 லிட்டர், வெளியே 5 லிட்டர், 200 கிலோமீட்டருக்கு மொத்தம் 13.3 லிட்டர் குடித்திருக்கிறது. நகருக்குள் 12-ஐ 14 ஆக்கினால் 100 கிலோமீட்டருக்கு 1.2 லிட்டர் மிச்சம். நெடுஞ்சாலையில் 20-ஐ 23 ஆக்க மெனக்கெட்டாலும் அதில் பாதியைச் சற்றுத் தாண்டுகிற அளவுதான் மிஞ்சும். ஆக, கையை வைக்க வேண்டியது தினமும் போய்வருகிற அந்த நெரிசல் வழியில்தான்.

அந்த வழியில் பெட்ரோல் எங்கே போகிறது? ஆக்சிலரேட்டரில் என்று சொல்லத் தோன்றும். நான் பிரேக்கில் என்பேன். ஆள் சாமானோடு ஒரு டன் எடையுள்ள வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் ஓட்டத்தில் சுமார் 139 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் என்று வைத்து, அதில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வந்து சேரும் என்று கொண்டால், அந்த வேகத்தை எட்ட மட்டும் சுமார் 17 மில்லி பெட்ரோல் எரிந்திருக்கும், மூன்று டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் பிரேக்கை மிதித்து நிற்கும்போது அந்த மூன்று ஸ்பூனும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றோடு போய்விடும். பத்து கிலோமீட்டரில் இருபது தடவை இப்படி 60-க்கு ஏற்றி நிறுத்தினால் மூன்றில் ஒரு லிட்டர் அதிலேயே காலி. அதே இருபது நிறுத்தத்துக்கும் 40-தான் எட்டினீர்கள் என்றால் அதில் பாதிகூட ஆகாது, ஏனென்றால் இந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது.

இருநூறு மீட்டர் தள்ளி சிக்னல் சிவப்பாக இருப்பது தெரிகிறது. பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறோம்? கடைசி முப்பது மீட்டர் வரை ஆக்சிலரேட்டரில் கால், அப்புறம் பிரேக், அப்புறம் நின்று காத்திருத்தல். நிற்கப்போவது உறுதி என்று தெரிந்தபிறகும் பெட்ரோல் ஊற்றி வேகத்தைக் காப்பாற்றுவதில் என்ன லாபம் என்று யாரும் யோசிப்பதில்லை. சிவப்பைப் பார்த்ததும் காலை எடுத்துவிடுங்கள், கியர் அப்படியே இருக்கட்டும். வண்டி தானாகத் தளர்ந்து போகும். பத்தில் சில தடவையாவது நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்திருக்கும், 20 வேகத்தில் உருண்டுகொண்டிருப்பவர் இரண்டாவது கியரில் அப்படியே கிளம்பிவிடலாம், நின்று முதல் கியர் போட்டுக் கிளம்புவதைவிட எவ்வளவோ மேல். இதற்குத் தேவையானது முன்னால் இருக்கிற வண்டியோடு இடைவெளியும், அதையும் தாண்டி நாலு வண்டி தள்ளிப் பார்க்கிற பழக்கமும்தான்.

"கியர் அப்படியே இருக்கட்டும்" என்றதும் சிலருக்கு உறுத்தியிருக்கும். இறக்கத்தில், சிக்னல் நெருங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று அப்பா சித்தப்பா காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலக்க கார்புரேட்டர் என்ற பழைய கருவி இருந்த காலத்துப் பேச்சு அது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து முழுதாகக் காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது, பெட்ரோலை அளந்து பீய்ச்சவைக்கிற வண்டியின் கம்ப்யூட்டர் அதை அடைத்துவிடுகிறது. ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) ஐடில் பக்கம், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற அளவுக்கு, இறங்கும்போதுதான் மறுபடி திறக்கும். நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். அதாவது மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழிக்கிறோம். போதாததற்கு நீண்ட இறக்கத்தில் இன்ஜினின் பிடி இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழும், அது சூடேறிக் கைவிடும். இறக்கத்தில் இன்ஜினையே அணைத்துவிடுகிற மகானுபாவர்களும் உண்டு, பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கிற உதவி போய்விடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கியர். மைலேஜ் என்றதும் ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்து கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் தவறுதான். பெட்ரோல் இன்ஜினில் காற்று போகும் வழியில் ஒரு தட்டு இருக்கிறது. நீங்கள் லேசாக மிதித்தால் அது கொஞ்சமாகத்தான் திறக்கும், அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கவே இன்ஜின் ஒரு பங்கு உழைப்பை வீணாக்கும். ஓரளவு நன்றாக மிதித்து, 2000 முதல் 2500 ஆர்.பி.எம்.முக்குள் அடுத்தடுத்த கியருக்குப் போய்விடுவதுதான் சரி. தரையோடு அழுத்துவதும் கூடாது, முழு மிதியில் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் கலக்கும். சின்ன இன்ஜினில் அந்த முழு மிதிக்கு நாம் சீக்கிரமே போய்விடுகிறோம் என்பதுதான் சிக்கல். சரி, உயர் கியர் நல்லது என்று மேட்டிலும் ஐந்தாவதிலேயே பிடித்துக்கொண்டு இன்ஜின் உதற உதற இழுக்காதீர்கள். வண்டி திணறினால் ஒரு கியர் இறக்குங்கள், அது மிச்சத்தை விட முக்கியம். மேட்டில் நிற்கும்போது ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தொங்கவிடுவதும் இதே வகை, ஹாண்ட்பிரேக் எதற்கு இருக்கிறது?

நெடுஞ்சாலைக்கு வந்தால் கதை சுருக்கம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது. 50 கிலோமீட்டர் பயணத்தில் அதனால் கிடைப்பது ஏழரை நிமிடம், அதுவும் வழி முழுக்க 100-லேயே போக முடிந்தால். வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம், ஆனால் 110-ல் போய்விட்டு வண்டியைக் குறை சொல்லாதீர்கள்.

கூரைமேல் கேரியர் மாட்டியிருக்கிறீர்களா? எப்போதோ ஒரு பயணத்துக்கு மாட்டியது, கழற்ற சோம்பல், அப்படியே கிடக்கிறது. எனக்கும் ஆறு மாதம் கிடந்தது. பெட்டி வைத்த கேரியர் நெடுஞ்சாலை வேகத்தில் மைலேஜை பத்து சதவீதத்துக்கு மேலேயே இழுத்துவிடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் பரிசோதனைகள் காட்டுகின்றன, வெறும் கம்பிகளும் தம் பங்குக்குக் காற்றைக் கிழித்துக்கொண்டுதான் வரும். டிக்கியில் கிடக்கும் பழைய சாமான்களும் அப்படித்தான். சாதாரணக் காரில் 45 கிலோ கூடினால் சுமார் ஒரு சதவீதம் போகும், வண்டி சின்னதாக ஆக ஆக இது கூடும். ஸ்பேர் டயரைக் கழற்றி வீட்டில் வைத்தவரையும் எனக்குத் தெரியும், அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினுக்கு மைலேஜ் சைபர். சின்ன இன்ஜினே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசி ஓடினால் இன்னும் அதிகம். மறுபடி ஸ்டார்ட் பண்ண நிறைய பெட்ரோல் பிடிக்கும் என்கிற பயம் பழையது. பத்து விநாடிக்கு மேல் நிற்கப்போகிறோம் என்றாலே அணைப்பதுதான் லாபம். நடைமுறையில் ஒரு நிமிடத்துக்கு மேல் என்றால் அணையுங்கள், அது போதும். காலையில் ஐந்து நிமிடம் இன்ஜினைச் சூடாக்குவதும் வேண்டாம், அரை நிமிடத்தில் கிளம்பி முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போனால் இன்ஜின் ஓடியே சீக்கிரம் சூடேறும். குளிர்ந்த இன்ஜின் அதிகம் குடிக்கும் என்பதால், அரை கிலோமீட்டர் வேலைக்கு மூன்று தடவை தனித்தனியாகப் போவதைவிட ஒரே சுற்றில் முடித்துவிடுவது நல்லது.

ஏசியா, ஜன்னலா? நகர வேகத்தில் ஜன்னலைத் திறந்தால் மிச்சம், வேகம் கூடக்கூட திறந்த ஜன்னல் காற்றைப் பிடித்து இழுக்கும் என்பதால் அந்த மிச்சம் கரையும். சின்ன இன்ஜினுக்கு ஏசி பெரிய சுமைதான், ஆனால் வெயிலில் வெந்துகொண்டு ஓட்டுவதற்கு நான் சிபாரிசு பண்ணமாட்டேன். வெயிலில் நின்ற வண்டியில் முதல் இரண்டு நிமிடம் ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு அப்புறம் ஏசி போடுங்கள்.

டயர் காற்று பற்றி எல்லோரும் சொல்வார்கள், கொஞ்சம் மிகைப்படுத்தியும் சொல்வார்கள். நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) குறைந்தால் போவது சுமார் 0.2 சதவீதம்தான். ஆனால் மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாகவே இறங்கும், நாலைந்து மாதம் பார்க்காமல் விடுகிறவர்களுக்கு அது சேர்ந்துவிடும், டயரும் ஓரத்தில் தேயும். எவ்வளவு அடிப்பது என்பது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடித்துவிடாதீர்கள். ஓடிச் சூடான டயரில் அளந்தால் கூடுதலாகக் காட்டும்.

பராமரிப்பு என்று வரும்போது எல்லோர் கையும் ஏர் ஃபில்டருக்குத்தான் போகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் பிக்கப் குறையும், மைலேஜ் அவ்வளவாகக் குறையாது, ஏனென்றால் வருகிற காற்றுக்கு ஏற்பத்தான் பெட்ரோல் போகும். உண்மையான திருடர்கள் வேறு: கெட்டுப்போன ஆக்ஸிஜன் சென்சார் (புகையை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது), திறந்தே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு), தவறான கிரேடு இன்ஜின் ஆயில், அப்புறம் ஒட்டிக்கொண்ட பிரேக். கடைசியானது என் வண்டிக்கே வந்தது. 16 கொடுத்த வண்டி இரண்டே டேங்கில் 13-க்கு வந்துவிட்டது. சர்வீஸுக்கு விட்டால் இன்ஜெக்டரைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தார்கள், ஒரு மாற்றமும் இல்லை. ஒருநாள் நிறுத்திவிட்டு இறங்கிப் பின்பக்கம் போனபோது லேசாகக் கருகிய வாடை. கையைச் சக்கரத்தின் பக்கத்தில் கொண்டுபோனால் மற்ற மூன்றும் சாதாரணம், இடது பின்சக்கரம் மட்டும் அடுப்பு மாதிரி அனல் அடித்தது. ஹாண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் இருந்திருக்கிறது. நான் மிதிக்காமலே இரண்டு மாதம் பிரேக் போட்டபடி ஓட்டியிருக்கிறேன்! கேபிளை மாற்றியதும் 16 திரும்பிவிட்டது. காரணமில்லாமல் மைலேஜ் விழுந்தால், அதிகம் பிரேக் போடாத ஒரு ஓட்டம் முடிந்ததும் நான்கு சக்கரத்தையும் இப்படிப் பாருங்கள், தொடாமல் பக்கத்தில் கை வைத்து.

காந்தம், மருந்து இவற்றுக்கு ஒரு வரி போதும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்துப் பார்த்தது, பெரும்பாலானவற்றில் ஒன்றுமில்லை. உயர் ஆக்டேன் பெட்ரோலும், உங்கள் இன்ஜின் அதைக் கேட்காதவரை, மைலேஜ் கூட்டாது. குளிர்ந்த காலையில் போட்டால் பெட்ரோல் கெட்டியாக இருக்கும் என்பார்கள். பத்து டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதவீதம் சுருங்கும் என்பது உண்மைதான், ஆனால் பெட்ரோல் பங்கின் தொட்டி மண்ணுக்கு அடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு பெரிதாக மாறாது.

மைலேஜ் ஆசை முற்றியவர்கள் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் ஒன்றுண்டு: லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது. காற்றை லாரி கிழித்துக்கொடுக்கும், நமக்கு எதிர்ப்பு குறையும், கணக்கு சரிதான். ஆனால் மிச்சம் தெரிகிற அளவுக்கு நெருங்கினால் லாரிக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது, அவர் பிரேக் விளக்கு மினுக்கும்போதெல்லாம் நீங்களும் மிதித்தாக வேண்டும், ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் பெட்ரோல் காலி. என்றாவது ஒருநாள் அந்த மிதி ஒரு விநாடி தாமதமாகவும் விழும்.